புள்ளி விழாமல் கார் கழுவுவது எப்படி?

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஒரு வக்கீல் நண்பர் வந்திருந்தார். காரியாபட்டி வழியாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சொந்தக் காரிலேயே வந்து, இங்கே அருப்புக்கோட்டையில் ஓர் உறவினர் வீட்டில் மூன்று நாள் தங்கினார். புறப்படுகிற அன்று என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்த மனிதர், வீட்டுக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நிற்கிற என் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

காரணம் இதுதான். மூன்று நாளில் அவருடைய கறுப்புக் கார் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருந்தது. அம்மை இறங்கின முகம் மாதிரி இருந்தது, பாவம். உறவினர் வீட்டு வேலையாட்கள் ராஜ உபசாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு தினம் இரண்டு வேளை அதைக் கழுவியிருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரில்... அதுவும் உச்சி வெயிலில்.

என் காரும் கறுப்புதான். அதே ஊர், அதே உப்புத் தண்ணீர். ஆனால் அதில் ஒரு புள்ளி இல்லை.

“என்ன ஓய் ரகசியம்? சீமைப் பாலிஷ் ஏதாவது வரவழைத்தீரா?” என்றார் வக்கீல்.

பாலிஷும் இல்லை, மருந்தும் இல்லை. இரண்டு பழைய வேட்டித் துண்டும் ஒரு பெண்பிள்ளை சொன்ன நாலு வார்த்தையும்தான் என்றேன். வக்கீல் ஆயிற்றே — நம்புவாரா? சாட்சி இல்லாத வழக்கைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, அப்படியானால் பத்திரிகையில் எழுதும், நாலு பேருக்கு உபயோகமாகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதுகிறேன். ஆனால் கார் இல்லாத வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது காரைப் பற்றி மட்டும் அல்ல. இந்த ரகசியத்துக்கு ஒரு விலை இருந்தது. அதை நான் கொடுத்திருந்தால் நியாயம். நான் கொடுக்கவில்லை... வேறொருத்தி கொடுக்க இருந்தாள்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் காரை ஏற்கெனவே தெரிந்திருக்கும். யுத்த காலத்தில் பெட்ரோல் கூப்பன் கிடைக்காமல் ஷெட்டிலேயே கிடந்து, பின் சீட்டில் கோழி அடைகாத்த அதே கார்தான். யுத்தம் முடிந்து பெட்ரோல் கொஞ்சம் தாராளமானதும் அதை மதுரைக்கு அனுப்பி, புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தேன். அது போன வருஷம் தை மாதம். வண்டி வந்து நின்றபோது பானெட்டில் குனிந்தால் முகம் தெரிந்தது. தலை சீவிக்கொள்ளலாம். சீவியும் கொண்டேன்.

கிராமத்துக் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் போய்வருகிற டாக்டருக்குக் கார் மினுமினுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். திருச்சுழிப் பக்கத்து வண்டிப்பாதையில் போகிற காருக்குப் பெயிண்ட் எதற்கு என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் என்னிடம் பதில் கிடையாது. மனுஷனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு வேண்டும். எனக்கு இது.

டிரைவர் இருளப்பனுக்கோ என்னைவிடப் பெருமை. யுத்தத்தின்போது கரி கேஸில் ஓடிய பஸ்ஸை ஓட்டினவன் அவன். காலையில் ஒரு மணி நேரம் அடுப்பை ஊதி, கரியைத் திணித்து, முகமெல்லாம் கரியாகி, மேட்டில் பயணிகளை இறக்கித் தள்ளவிட்டு... அப்படி நாலு வருஷம் பட்டவன். அவன் கையில் பளபளக்கிற கார் கிடைத்தால் சும்மா விடுவானா? ஒவ்வொரு தடவை வெளியே போய்த் திரும்பியதும் வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்து ஊற்றினான். ஊற்றிவிட்டு, தானாகக் காயட்டும் என்று வெயிலில் நிறுத்திவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பத்தே நாளில் புள்ளி வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. குளித்துவிட்டு வந்தால் தலைமுடி தேங்காய் நாராக நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் ‘நல்ல தண்ணி’ வேண்டுமென்றால் ஊருணிக்குத்தான் போகவேண்டும். அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்துப்போயிருந்தது. மாசி பிறப்பதற்குள் ஊருணியில் தரை தெரிந்தது. பெண்கள் நடுவே குழி தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரமாகும்.

எங்கள் வீட்டுக்கு நல்ல தண்ணீர் மாட்டு வண்டியில் பீப்பாயில் வரும். அது வந்து இறங்கியதும் என் மனைவி அதைச் சமையலறைக்குள் வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். என் ஊசியும் கத்தியும் கொதிக்க வைக்கத் தினம் அதில் இரண்டு செம்பு ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பாள். காருக்கு ஒரு செம்பு கேட்டுப் பார்த்தேன். அவள் சாவியைத் தொட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே இருளப்பனைத் திட்டினேன். மனுஷன் கோபத்தைப் பள்ளத்தில்தானே இறக்குகிறான்?

அவனும் சும்மா இருக்கவில்லை. யோசித்திருக்கிறான். இந்த ஊரில் பித்தளைக் குடத்தில் உப்புத் திட்டுப் படிந்தால் என்ன செய்வார்கள்? புளியைப் போட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பார்கள். குடம் தங்கமாகிவிடும். ஒருநாள் நான் பாலவனத்தத்தில் ஒரு நோயாளியைப் பார்க்க வேறொருவர் வண்டியில் போயிருந்த நேரத்தில், இருளப்பன் ஒரு கைப்பிடிப் புளியைக் கரைத்து, கூடவே கொஞ்சம் செங்கல் பொடியும் தூவி, பானெட்டைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டான். புள்ளி போயிற்று. பளபளப்பும் போயிற்று. நான் வந்து பார்த்தபோது என் முகம் தெரிந்த இடத்தில் வட்டம் வட்டமாகக் கீறல்தான் தெரிந்தது.

அவன் பயப்படவேயில்லை, பெருமையாகத்தான் நின்றான். புள்ளி போனதை நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பான் போலிருக்கிறது.

வாசலில் பதினைந்து நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “கார் கழுவக்கூட லாயக்கில்லேன்னா சொல்லிரு. வேற டிரைவரைப் பாத்துக்கிறேன்.”

அவன் முகம் விழுந்துபோயிற்று. நான் உள்ளே போய் அடுத்த நோயாளியின் நாக்கை நீட்டச் சொன்னேன்.

அந்த வார்த்தையை நான் எந்தச் சமயத்தில் சொன்னேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது அவன் மனைவி முத்துராக்குக்கு ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் ஆறாவது மாதத்தில் கலைந்துபோயின. இரண்டு தடவையும் வைத்தியம் பார்த்தவன் நானேதான். இந்தத் தடவை அவளைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன் — குடம் தூக்கக்கூடாது, விறகு தூக்கக்கூடாது, ஊருணிப் பக்கமே போகக்கூடாது. அவர்கள் பாளையம்பட்டியில் குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு மருதாயி, குடிக்கிற தண்ணீரைத் தானே கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்டாள். நானும் அதோடு அதை மறந்துவிட்டேன்.

நான் கத்தியதற்கு மறுநாளிலிருந்து ஓர் அதிசயம் நடந்தது. இருளப்பன் காலையில் சைக்கிளில் வரும்போது கேரியரில் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு வந்தான். வழக்கம்போலக் கிணற்றுத் தண்ணீரில் காரைக் கழுவினான். கடைசியில் டின்னிலிருந்து தண்ணீரைச் செம்பில் மொண்டு, காரின் கூரையிலிருந்து சக்கரம்வரை ஊற்றிவிட்டான். புதுப் புள்ளி விழவில்லை.

என்ன தண்ணீர் அது? நான் கேட்கவில்லை. என் மனைவி கேட்டாள். அது டிரைவர்களுக்குள் இருக்கிற தொழில் ரகசியம், உனக்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரிந்த மாதிரி!

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. உப்புத் தண்ணீருக்குப் பிறகு ஊற்றினால் புள்ளி விழாத தண்ணீர், இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். அதை யோசிக்க எல்.எம்.பி. படிப்புத் தேவையில்லை. ஆனால் கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் நிறுத்தச் சொல்லவேண்டும். நிறுத்தினால் புள்ளி வரும்... கேட்காமல் இருப்பது எவ்வளவு சௌகரியம்!

பானெட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தேன். டென்னிஸ் கிளப்பில் எல்லோரும் என் காரைப் பாராட்டினார்கள். ‘வேலைக்காரனைக் கொஞ்சம் மிரட்டி வைக்கவேண்டும், அப்போதுதான் வேலை நடக்கும்’ என்று நான் அங்கே ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். காருக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவை இப்போது பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன்.

பங்குனியில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. மருதாயி இறங்கி, முத்துராக்கைக் கைத்தாங்கலாக இறக்கினாள். பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. விடிந்ததிலிருந்து உதிரம் படுகிறது என்று மருதாயி என் காதருகில் சொன்னாள்.

ஆறாவது மாதம்.

படுக்க வைத்துப் பார்த்தேன். குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தூரத்தில் கேட்கிற கடிகாரம் மாதிரி மெல்லக் கேட்டது. குழந்தை இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

ஊசி போட்டேன். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. எதையாவது தூக்கினாயா என்று கேட்டேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் தூக்கினாயா? அத்தனை தரம் சொல்லியிருந்தேனே, மருதாயி தண்ணீர் கொண்டுவந்து தரவில்லையா என்று சத்தம் போட்டேன். இருளப்பன் வாசற்படியில் வந்து நின்றான். அவன் கையில் கார் துடைக்கிற துணி இருந்தது.

முத்துராக்கு அவனைப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னாள்.

“குடிக்கிற தண்ணி மருதாயிதான்யா கொண்டாந்து குடுக்கா. அவ மேல குத்தமில்ல. காருக்குத்தான் நான் போனேன்.”

“அதையும் அவளையே எடுத்து வரச் சொல்ல வேண்டியதுதானே?”

“குடிக்கன்னா கொண்டாந்து தருவா. காரு கழுவன்னு எந்த வாயாலய்யா கேக்க?”

ஊரே சிரட்டையால் மொண்டு குடிக்கிற காலத்தில், இன்னொருத்தியிடம் போய் டாக்டர் காருக்கு ஒரு நடை நடந்து வா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. என் காருக்கான சுமையைத் தன் தலையோடு வைத்துக்கொண்டாள். புருஷனிடம், மருதாயிதான் இரண்டு நடை போகிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறாள். அவன் நம்பிவிட்டான். மூன்று வாரம், தினம் ஒரு குடம்... அவன் சைக்கிளில் கிளம்பிய பிறகு மறுநாளுக்காகப் போய், வரிசையில் குந்தியிருந்து, குழிக்குள் இறங்கி மொண்டு, ஒரு மைல் தூரம் சுமந்து வந்திருக்கிறாள்.

இருளப்பன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவனைப் பார்க்க எனக்கு முகமில்லை. வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன வாய் என்னுடையது. அந்த வார்த்தைக்குப் பயந்துதான் அவன் டின்னைக் கட்டினான். அவன் வேலை போய்விடக்கூடாதே என்றுதான் அவள் குடத்தைத் தூக்கினாள். எங்கோ ஒரு கீறலைப் பார்த்து நான் போட்ட சத்தம், சுற்றிச் சுற்றிப் போய் ஒரு பிள்ளைத்தாச்சியின் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். உடனே கேட்டேன் என்று எழுத ஆசைதான், உடனே கேட்கவில்லை. சாயங்காலம் வரை அதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கேட்டபோதும், “விடுங்கய்யா, பிள்ள தங்குமா, அத மட்டும் சொல்லுங்க” என்றான். தங்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பார்ப்போம் என்றேன். டாக்டர்கள் பார்ப்போம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும்.

முத்துராக்கை ஆஸ்பத்திரியின் பின் அறையிலேயே மூன்று வாரம் படுக்க வைத்தேன். எழுந்திருக்கக்கூடாது என்று உத்தரவு. இருளப்பனுக்கும் ஓர் உத்தரவு போட்டேன் — இனிமேல் அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் எடுப்பது அவன் வேலை. ஆண்பிள்ளை ஊருணியில் தண்ணீர் எடுத்தால் ஊர் சிரிக்கும் என்று தயங்கினான். சிரிக்கட்டும் என்றேன். சைக்கிளில் இரண்டு பக்கமும் டின்னைக் கட்டிக்கொண்டு போனான். சிரித்தார்களாம். நாலாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டதாம். ஐந்தாம் நாள் ஒரு கிழவி, தன் குடத்தையும் அந்தச் சைக்கிளில் தொங்கவிட முடியுமா என்று கேட்டாளாம்.

அவன் காலையில் தண்ணீருக்குப் போனதால் காரைக் கழுவ ஆளில்லை. நானே கழுவினேன். எனக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்களேன். பழைய புள்ளிகளை எடுக்க மட்டும் என் படிப்பு கொஞ்சம் உதவியது. மூத்திரப் பரிசோதனைக்கு வைத்திருக்கிற அசெட்டிக் ஆசிட்டில் கொஞ்சம் ஒரு செம்புத் தண்ணீரில் விட்டு, துணியை நனைத்து ஒற்றி எடுத்து, உடனே கழுவிவிட்டேன். புள்ளி கரைந்தது. இருளப்பனின் புளியும் இந்த ஜாதிதான். நாரும் செங்கல் பொடியும்தான் காரியத்தைக் கெடுத்தன. பழசு போயிற்று, சரி. ஆனால் தினம் கழுவக் கழுவப் புதுசு வந்துகொண்டே இருந்ததே!

ஒருநாள் பனியனோடு வேர்த்து விறுவிறுத்து நான் வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டிருந்தேன். பின் அறை ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

“அய்யா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?”

முத்துராக்கு. கட்டிலில் படுத்தபடியே பல நாளாக என் திருக்கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சொல்லம்மா என்றேன்.

“வண்டிய மொதல்ல நெழலுக்குத் தள்ளுங்க. மொத்தமா ஊத்தாதீக. ஒரு பக்கம் ஊத்தி, அது காயுறதுக்குள்ள தொடச்சுட்டு, பெறகு அடுத்த பக்கம் போங்க. தண்ணி எங்கன நின்னு காயுதோ, அங்கனதான் உப்பு பூக்கும்.”

அவள் கல்யாணத்துக்கு முன்பு இங்கே அருப்புக்கோட்டையிலேயே ஒரு சாயப்பட்டறைக்குக் கூலிக்குப் போனவள். சாயம் போட்ட நூலைக் கம்பில் தொங்கவிட்டால், தண்ணீர் இறங்கி அடிப்பக்கமாக வந்து நிற்கும். சும்மா விட்டால் அந்த இடத்திலேயே காய்ந்து திட்டு விழுந்துவிடும். அதனால் காய்கிறவரை நூலைத் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இதற்கென்றே பட்டறையில் பெண்களை நிறுத்தியிருப்பார்கள். நாலு வருஷம் அந்த வேலை செய்தவள் இவள்.

சொன்னபடி செய்தேன். காரை வேப்பமரத்து நிழலுக்குத் தள்ளினேன். புழுதியை உலரத் துடைத்தால் கீறும் என்பதால் முதலில் தண்ணீர் ஊற்றினேன். கூரையை முதலில் கழுவி, உடனே துடைத்தேன். பிறகு கண்ணாடி, பானெட், ஒவ்வொரு கதவாக. ஒரு துணியால் நீரை ஒற்றி எடுத்துப் பிழிந்துவிட்டு, இன்னொரு காய்ந்த துணியால் மறுபடி துடைத்தேன். துணி கஞ்சி போடாத பழைய வேட்டியாக இருக்கவேண்டும் என்றாள். கஞ்சித் துணி கோடு போடுமாம். கதவைத் திறந்து மூடச் சொன்னாள், இடுக்கில் நிற்கிற தண்ணீர் வழிந்து விழட்டும் என்று. விளிம்புகளுக்கு அடியில் விரலை விட்டுத் துடைக்கச் சொன்னாள்.

முழுக்க முழுக்க உப்புக் கிணற்றுத் தண்ணீர்தான். ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. புள்ளி? ஒன்றுகூட இல்லை.

நான் துணியோடு ஜன்னலருகே போனேன். இவ்வளவும் தெரிந்தவள் அப்போதே சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். கேட்டபோது என் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது — என்னவோ அவள் எனக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி.

“அவுககிட்டச் சொன்னேன்யா. காரப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்னாக. அய்யாகிட்ட வந்து சொல்ல... யாரு என்னையக் கேட்டா?”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஊசி கொதிக்க வைக்கிற தட்டில் பதினைந்து வருஷமாக வெள்ளைப் பொருக்கு படிவதைப் பார்க்கிறேன். கம்பவுண்டர் தவறிப்போய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டால் அது ஒரே நாளில் படியும். நீர் வற்றும், உப்பு நிற்கும். கண் முன்னால் இருந்த விஷயம். காரில் விழுந்தபோது மட்டும் அது டிரைவரின் சோம்பலாகத் தெரிந்தது. தண்ணீரைக் குறை சொன்னோம், டிரைவரைக் குறை சொன்னோம், சீமைப் பாலிஷ் விளம்பரங்களைப் புரட்டினோம். தெரிந்தவள் ஒருத்தி மூன்று மைல் தள்ளி, அந்த அறிவையும் வைத்துக்கொண்டு, தண்ணீரையும் சுமந்துகொண்டிருந்தாள். நமக்குப் பதில் தெரியாமல் போவதில்லை... பதில் யாரிடம் இருக்கும் என்று நாம் தீர்மானித்துக்கொண்டு அவர்களிடம் மட்டுமே போய் நிற்கிறோம்.

இன்னொன்றும் தோன்றுகிறது. உப்பில்லாத தண்ணீர் வேண்டுமென்று இந்தப் பக்கத்தில் அடம்பிடிக்க முடியாது. மனுஷன் வாயிலிருந்து உப்பில்லாத வார்த்தை மட்டுமே வரவேண்டும் என்பதும் நடக்கிற காரியமல்ல. விழுந்ததைக் காயவிடாமல் துடைக்கலாம். அதற்குத்தான் எனக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று.

உதிரம் நின்றது. மூன்று வாரம் கழித்து அவளை வீட்டுக்கு அனுப்பினேன். எட்டாவது மாதம் தொடங்கியதும், எதற்கும் இங்கேயே இருக்கட்டும் என்று மறுபடி பின் அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். இருளப்பன் பழையபடி காரைக் கழுவ ஆரம்பித்திருந்தான் — இப்போது நிழலில், இரண்டு துணியோடு, ஜன்னலிலிருந்து வருகிற மேற்பார்வையோடு.

ஆனி மாதம் ஒரு காலை. அவன் காருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவன் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான். நானும் ஆஸ்பத்திரி ஆயாவும் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினோம். பிரசவம் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. அன்று மட்டும் கையை இரண்டு தடவை கழுவினேன். இரண்டு மணி நேரம் போயிற்று. குழந்தை வெளியே வந்தது, அழவில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன். மறுபடி தட்டினேன். ஆயா கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சாமியையோ கூப்பிட்டாள்.

அழுதது. பூனைக்குட்டிக் குரல்தான், ஆனால் நிறுத்தாமல் அழுதது.

என் மனைவி யாரும் கேட்காமலே நல்ல தண்ணீர் இரண்டு குடத்தைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள். சாவி இடுப்பில் இல்லை, கதவிலேயே தொங்கியது. குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி முத்துராக்கு பக்கத்தில் வைத்தோம். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை மறைக்க, உனக்கு ஏதாவது வேண்டுமா அம்மா என்று கேட்டேன். அவள் குழந்தையைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“அய்யா, காரு ஈரத்தோட நிக்குது. நெழல் நகந்து வெயில் வந்துருச்சு. யாராச்சும் போய்த் தொடைங்க.”

வெளியே ஓடினேன். நேரம் கடந்துவிட்டது. கூரையிலிருந்து பின் பம்பர்வரை, வானத்து நட்சத்திரத்தையெல்லாம் கொட்டிவைத்த மாதிரி புள்ளி. இருளப்பன் துணியை எடுத்தான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

அன்று பாலவனத்தத்தில் ஒரு நோயாளி, விருதுநகர் ரோட்டில் ஒரு நோயாளி, சாயங்காலம் டென்னிஸ் கிளப். எல்லா இடத்துக்கும் அந்தக் காரிலேயே போனேன். பார்த்தவர்களெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள் — “என்ன டாக்டர், கார் பூராவும் இப்படிப் புள்ளி?”

எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: “பெண் குழந்தை.”